புதிய சாகுபடி முறையைக் குழுவாகச் சோதித்துப் பார்க்கும் சிறு உழவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிய இரகம், புதிய நடவு முறை, புதிய உரம், கைப்பேசிச் செயலி என ஏதேனும் ஒன்றை யாரேனும் சிறு உழவரிடம் கொண்டுவந்து நீட்டாத பருவமே இல்லை. அவற்றுள் எது தம் நிலத்துக்கு ஒத்துவரும் என்பதை மாதிரிப் பண்ணையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அங்கே தண்ணீருக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு இருப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, அவரவர் வயலின் ஒரு சிறு பகுதியில், வழக்கமான முறைக்குப் பக்கத்திலேயே புதியதையும் செய்து பார்த்து, இரண்டையும் அளந்து, கண்டதைப் பிறருக்கும் சொல்வதே நம்பத்தக்க வழி. அப்படி ஒரு குழுவை நடத்தியபோது பயிர் வேலை எங்களுக்குப் பழகியதாகவே இருந்தது. திணற வைத்தவை விதைப்புக்கு முந்தைய தாள் வேலையும், காலக் கணக்கும், அறுவடை நாளின் அளவீடும். ஆகவே இக்கட்டுரை அந்த மூன்றிலும் அதிகம் நின்று, மற்றவற்றை விரைந்து கடக்கிறது.

1. ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

“இந்த முறை நல்லதா?” என்ற கேள்விக்கு எந்த வயலும் பதில் சொல்லாது. “இப்போது நடும் இடைவெளியை 25 சென்டிமீட்டராக மாற்றினால், ஆள்கூலி போகக் கையில் நிற்கும் தொகை கூடுமா?” என்று கேட்டால் சொல்லும். எதை மாற்றுகிறீர்கள், எதனுடன் ஒப்பிடுகிறீர்கள், எதை அளக்கப் போகிறீர்கள் என்ற மூன்றும் அந்த ஒரு வாக்கியத்திற்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. விதையும் உரமும் தெளிப்பு மருந்தும் சேர்ந்த ஒரு தொகுப்பாக உங்களுக்குத் தருவார்கள். அத்தொகுப்பு நல்ல விளைச்சலைத் தந்தாலும், அது விதையால் வந்ததா, கூடுதல் உரத்தால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது. அடுத்த பருவத்தில் இலவசம் நின்றதும் முழுத் தொகுப்பையும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். முடிந்தவரை ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பல இரகங்களில் ஒன்றைத் தேர்வதே உங்கள் நோக்கமானால், ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் பயிரிடத் தேவையில்லை. ‘டிரைகாட்’ எனப்படும் மும்மை ஒப்பீட்டு முறையில், பத்து இரகங்கள் இருந்தாலும் ஓர் உழவருக்கு மூன்று மட்டுமே, பெயர் சொல்லாமல் அ, ஆ, இ என்ற குறியுடன் தரப்படும். மூன்றில் எது சிறந்தது, எது மோசம் என்று மட்டும் அவர் சொன்னால் போதும். எல்லாருடைய பதில்களையும் சேர்த்து ‘கிளைம்மாப்’ என்னும் மென்பொருள் தரவரிசை எடுத்துத் தரும். இதற்குப் பங்கேற்பாளர்கள் நிறையப் பேர் தேவை என்பதால், பத்துப் பேர் கொண்ட குழு தனியாக இறங்காமல் அக்கம்பக்கத்துக் குழுக்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

2. குழுவைச் சேருங்கள்

புகையான் என்னும் நெற்பூச்சிக்குப் பூச்சிமருந்தையே நம்பியிருந்த இந்தோனேசிய நெல் உழவர்களுக்காக 1989-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் துணையுடன் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், ஒரு குழுவில் ஏறத்தாழ 25 பேர் இருந்தனர். கூடிப் பேசிக் கற்க அந்த எண்ணிக்கை ஏற்றது. பாத்தி அமைத்து அளக்க அவர்களில் 10 அல்லது 12 வயல்கள் போதும். மற்றவர்கள் வாராந்தரக் கூடலுக்கு வரலாம்.

எண்ணிக்கையைக் காட்டிலும் யார் யார் என்பது முக்கியம். தாழ்ந்த நிலம், மேட்டு நிலம், குத்தகை நிலம், கடைமடை, தாமே இறங்கி வேலை செய்யும் பெண்களின் நிலம் ஆகிய எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். வசதியான நான்கு பேரின் நல்ல வயல்களில் மட்டும் செய்த சோதனை, அந்த நான்கு பேருக்கு மட்டுமே பயன்படும். கணக்கு வைப்பவரும் விளைச்சலை அளப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். இடுபொருள் விற்பவர் குழுவில் உறுப்பினராக இருக்கலாம். தராசு மட்டும் அவர் கைக்குப் போகக் கூடாது.

3. விதைப்பு நாளிலிருந்து பின்னோக்கிக் காலத்தைக் கணக்கிடுங்கள்

விதைப்புக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே முதல் கூட்டம் நடந்துவிட வேண்டும். பருவம் நெருங்கிய பிறகு தொடங்கினால், கையெழுத்து வாங்க வேண்டிய ஒவ்வொருவரும் வயலில்தான் இருப்பார்கள்.

நான்கு மாதங்களுக்கு முன்: கேள்வி, குழு, வயல்களின் பட்டியல்.

மூன்று மாதங்களுக்கு முன்: விதை அல்லது கருவி தருபவருக்குக் கடிதம், மண் மாதிரி எடுத்தல். பருவத் தொடக்கத்தில் எல்லாரும் மாதிரிகளைக் கொண்டுபோய்க் குவிப்பதால் ஆய்வுக்கூடங்களில் முடிவு தாமதமாகும். அடியுரம் போட்ட பின் வரும் மண் ஆய்வு முடிவு அந்தப் பருவத்துக்கு உதவாது.

ஒரு மாதத்துக்கு முன்: ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து, விதை முளைப்புச் சோதனை. நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் போதும். நெல்லில் 80-க்குக் குறைவாக முளைத்தால் மாற்று விதை கேட்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கும்.

ஒரு வாரத்துக்கு முன்: பாத்தி அளந்து முளைக்குச்சி அடித்தல்.

விதைகளைச் சேமித்து வைக்கும் பன்னாட்டு மரபணு வங்கிகளிலிருந்து பாரம்பரிய இரகம் பெற விரும்பினால், இந்தக் கணக்கில் குறைந்தது ஒரு பருவத்தையாவது கூட்டிக்கொள்ளுங்கள். ‘ஜெனிசிஸ்’ இணையவாசலில் எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தேடலாம். ஆனால் அங்கிருந்து வருவது சில கிராம் விதைதான். அதைப் பெருக்கவே ஒரு பருவம் போய்விடும். நாடு விட்டு நாடு வருவதானால் இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் வேண்டும்.

விதை வந்து சேரத் தாமதமானால், வழக்கமான பாத்தியை முதலில் விதைத்துவிட்டுப் புதியதைப் பத்து நாள் கழித்து விதைக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் விதைக்கப்படவில்லை என்றால் நீங்கள் அளப்பது இரகத்தையா, விதைத்த பட்டத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பதே நேர்மையான முடிவு.

4. ஆவணங்களை விதைப்புக்கு முன் முடித்துவிடுங்கள்

இந்தப் படியில்தான் அதிகக் காலம் போகும். ஒவ்வொரு தாளும் எதற்காக என்று தெரிந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலாவது, பங்கேற்பாளரின் ஒப்புதல் படிவம். இது ஒவ்வோர் உழவரும் பேசும் மொழியில், ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு பரப்பில், நட்டம் வந்தால் யார் தருவார், எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, வயலின் படமும் இருப்பிடமும் விளைச்சல் கணக்கும் யாருக்குப் போகும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டியவர் யார் என்பதையும் படிவத்திலேயே குறியுங்கள்.

இரண்டாவது, நிலம் தொடர்பான இசைவு. குத்தகை உழவர் நில உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு வாங்குவது நல்லது. ஒரு பருவத்துக்குள் முடியும் இரகச் சோதனைக்கு வாய்ச்சொல் போதும் என்று தோன்றும். சொட்டுநீர்க் குழாய், மரக்கன்று, மண் திருத்தம் போன்றவை பல ஆண்டுகள் நிலத்தில் நிற்பவை. அவற்றின் பலன் வரும் நேரத்தில் குத்தகை முடிந்துபோனால், உழைப்பு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்குமாகப் போய்விடும்.

மூன்றாவது, விதை அல்லது பொருள் தருபவருடன் செய்யும் ஒப்பந்தம். மரபணு வங்கி, உணவு மற்றும் வேளாண்மைக்கான தாவர மரபு வளங்கள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் ஒரு பொதுப்படிவ ஒப்பந்தத்தில் ஒப்புதல் கேட்கும். 2004-இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கை, ஆராய்ச்சிக்கும் பயிர்ப்பெருக்கத்துக்கும் பயிற்சிக்கும் விதை தருவதற்காக ஏற்பட்டது. அப்படிவம் எல்லாருக்கும் ஒன்றே என்பதால் அதில் பேரம் பேச இடமில்லை. நிதானமாகப் படித்து, பெற்ற விதையைப் பிறருக்குக் கொடுக்கும்போதும் அதே நிபந்தனைகள் தொடரும் என்பதை நினைவில் வையுங்கள்.

தனியார் நிறுவனங்களின் படிவங்கள் அப்படி ஒன்றுபோல் இருப்பதில்லை. எங்களுக்கு ஒரு நிறுவனம் நீட்டிய படிவத்தில், சோதனை முடிவை எழுத்துமூல அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வரி நடுவில் கிடந்தது. பக்கத்து உழவருக்குச் சொல்வதற்காகவே நடக்கும் சோதனையில் அந்த ஒரு வரி மொத்த உழைப்பையும் பூட்டிவிடும். முடிவை வெளியிடத் தடை, விதையை எடுத்து வைக்கத் தடை, விளைச்சல் தரவு முழுவதும் தருபவருக்கே உரிமை என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் அந்தப் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

நான்காவது, பயிர்ப் பாதுகாப்பு மருந்து. அந்தப் பயிருக்குப் பதிவு பெற்றதாக மருந்துப் பொட்டலத்தின் சிட்டையில் குறிப்பிடப்படாத எதையும் குழுச் சோதனையில் தெளிக்காதீர்கள். அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளி நாட்கள் சிட்டையில் இல்லையென்றால், விளைபொருளை விற்பதா அழிப்பதா என்று கூடத் தெரியாது. பதிவு பெறாத மருந்தைச் சோதிக்க, உரிமமும் இழப்பீட்டு நிதியும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன.

ஐந்தாவது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சான்றுகளும் காப்பீடும். இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றவர், புதிய இடுபொருள் எதையும் வயலில் இடுவதற்கு முன் சான்றளிக்கும் அமைப்புக்குத் தெரிவித்துப் பதில் வாங்க வேண்டும். சிறு பாத்திதானே என்ற சமாதானம் ஆய்வாளரிடம் செல்லாது. பயிர்க் காப்பீடு செய்தவர், சோதனைப் பாத்தியும் காப்பீட்டுக்குள் வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

எல்லாத் தாள்களுக்கும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை உழவரிடமே விட்டுவிடுங்கள். விதைப் பையின் சிட்டையும் விற்பனை இரசீதும் கூட ஆவணங்களே. முளைப்பு குறைந்தது என்று முறையிடும்போது தொகுதி எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

5. செலவுக்கும் நட்டத்துக்கும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்

விதை, மண் ஆய்வு, தராசு, ஈரப்பத மானி, அளவு நாடா, குறிப்பேடு ஆகியவை எல்லாருக்கும் நினைவுக்கு வரும். விடுபட்டுப் போகிறவை மூன்று: வாராவாரம் அரை நாள் கூடலுக்கு வருபவர் இழக்கும் கூலி, பாத்திகளைத் தனித்தனியே அறுத்து அடிக்கும்போது ஆகும் கூடுதல் ஆள்கூலி, நட்டம் வந்தால் ஈடுகட்ட வேண்டிய தொகை. இவற்றுள் கடைசி இரண்டையும் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்காத குழுக்கள் அறுவடை நேரத்தில் உடைகின்றன. ஈரப்பத மானி விலை கூடுதலான கருவி. குழுவே வாங்குவதைவிட, அறுவடை வாரத்தில் கொள்முதல் நிலையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இரவல் கேட்பது சிக்கனம்.

ஒருவருடைய மொத்தச் சாகுபடிப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சோதனைக்குக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. அந்தப் பங்கு முழுவதும் போனாலும் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஈட்டுத்தொகையைப் பேசும்போது, “பக்கத்துப் பாத்தியின் விளைச்சலைவிடக் குறைந்த அளவுக்கு, அன்றைய விற்பனை விலையில்” என்று எழுதினால் பின்னால் தகராறு வராது.

6. பாத்திகளை அமையுங்கள்

ஒவ்வொரு வயலிலும் இரண்டு பாத்திகள்: ஒன்று வழக்கமான முறை, மற்றொன்று புதியது. இரண்டும் ஒரே அளவில், ஒரே மண்ணில், ஒரே வாய்க்காலிலிருந்து நீர் பெறுவதாக இருக்க வேண்டும். மரநிழல், எருக்குழி இருந்த இடம், மடைவாய் ஆகியவற்றைத் தவிருங்கள். எந்தப் பாத்தி எதற்கு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் நம்மை அறியாமலே நல்ல பக்கம் புதியதற்குப் போய்விடும்.

மண் மாதிரியில் ஒரு எச்சரிக்கை: தானியப் பயிர்களுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் வரை, வயல் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோ மிஞ்சச் செய்யுங்கள். அதை நிழலில் உலர்த்துங்கள். பழைய உரச் சாக்கில் போட்டு எடுத்துச் சென்றால் ஆய்வு முடிவில் நிலத்தோடு சாக்கும் சேர்ந்து பேசும்.

7. வாரம் ஒரு முறை வயலில் கூடுங்கள்

காலை வெயில் ஏறுவதற்கு முன் வயலில் இறங்கி, ஒவ்வொரு பாத்தியிலும் ஏதோ பத்துச் செடிகளை எடுத்துப் பாருங்கள். நெல்லானால் தூர் எண்ணிக்கை, செடி உயரம், இலையின் நிறம், தூரடியில் புகையான், அதைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு வரப்பில் அமர்ந்து ஒரு பெரிய தாளில் நடுவே செடியை வரைந்து, ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபக்கம் நன்மை செய்பவற்றையும் எண்ணிக்கையுடன் வரையுங்கள். மேலே அன்றைய வானிலையும் கீழே நீரின் அளவும் வரட்டும். வயல்வெளிப் பள்ளிகளின் உயிர்நாடியே இந்தப் படம்தான். தெளிக்கலாமா வேண்டாமா என்ற வாதம் படத்தைச் சுற்றி நடக்கும்போது குரல் பெரியவரின் சொல் மட்டும் எடுபடுவதில்லை.

குறிப்பேட்டில் தேதி, செய்த வேலை, ஆள், மணி நேரம், செலவு, மழை ஆகியவை இருந்தால் போதும். வேலை நேரத்தை யார் செய்தார் என்பதோடு எழுதுங்கள். கூலி மிச்சமாகிறது என்று சொல்லப்படும் பல முறைகளில், ஆணின் உழவு வேலை குறைந்து பெண்ணின் களையெடுப்பு கூடியிருப்பது மொத்தக் கணக்கில் தெரியாது. கூடலின் நேரத்தையும் பெண்கள் வரக்கூடிய வேளையாக அவர்களிடமே கேட்டு வையுங்கள்.

8. அறுவடை நாளில் அளவு தவறாதீர்கள்

நான்கு மாத உழைப்பு ஒரு பிற்பகலில் வீணாவது இங்கேதான். பாத்தியின் ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைப்பதால் அவற்றை விட்டுவிட்டு, உள்ளே மூன்று இடங்களில் 2 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 5 சதுர மீட்டர் அளந்து அறுங்கள். இடங்களைப் பயிர் நிற்கும் அழகைப் பார்த்துத் தேராமல், முன்கூட்டியே அடி எண்ணிக்கை வைத்து முடிவு செய்யுங்கள். அடித்துத் தூற்றி எடை போட்ட உடனேயே ஈரப்பதத்தையும் குறியுங்கள்.

ஈரப்பதத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. வழக்கமான பாத்தியில் 5 சதுர மீட்டருக்கு 3.0 கிலோ நெல், ஈரப்பதம் 20 சதவீதம். புதிய இரகத்தில் 3.1 கிலோ, ஈரப்பதம் 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் புதியது வென்றதாகத் தோன்றும். ஒப்பிடுவதற்காக இரண்டையும் ஒரே 14 சதவீத ஈரப்பதத்துக்கு மாற்ற, எடையை 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். முதலாவது 2.79 கிலோ, இரண்டாவது 2.74 கிலோ. 2,000-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 5,580 கிலோவும் 5,480 கிலோவும் வரும். ஏக்கர் கணக்கு வேண்டுமென்றால் 2.47-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகத் தெரிந்தது வெறும் தண்ணீர்.

அடுத்து, எத்தனை வயல்களில் புதியது முந்தியது என்று எண்ணுங்கள். பத்து வயல்களில் ஏழில் முந்தினால் வெற்றி என்று கொண்டாடத் தோன்றும். இரண்டுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், பத்து முறை நாணயம் சுண்டினால் ஏழோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. ஒன்பதோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஆகவே ஏழு என்றால் இன்னொரு பருவம் பாருங்கள். ஒன்பது என்றால் நம்பத் தொடங்கலாம். தோற்ற வயல்களுக்குள் ஏதேனும் பொது அம்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை எல்லாம் கடைமடை வயல்களாக இருந்தால் அதுவே உங்கள் சோதனையின் மிகப் பயனுள்ள முடிவாக இருக்கும்.

விளைச்சலோடு நிறுத்தாமல், கூடுதல் வரவைக் கூடுதல் செலவால் வகுத்துப் பாருங்கள். புதிய முறைக்குப் போட்ட ஒவ்வொரு கூடுதல் நூறுக்கும், அந்த நூறு போக இன்னும் ஐம்பது முதல் நூறு வரை கையில் நின்றால்தான் சிறு உழவர் அதற்கு மாறுவது வழக்கம் என்பது பண்ணைப் பொருளியலில் பழகிய அளவுகோல். கடன் வாங்கிச் செலவு செய்பவர் நூறையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளட்டும்.

9. கண்டதை நிபந்தனைகளோடு பகிருங்கள்

வயல் விழாவை அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு வையுங்கள்; கதிர் முற்றியிருக்க வேண்டும், பயிர் சாய்ந்திருக்கக் கூடாது. பாத்திக்குப் பாத்தி அந்தந்த உழவரே நின்று பேசட்டும். புதியது தோற்ற வயலையும் வழியில் சேருங்கள். விழாவுக்கு நிதி தருபவர் அதைத் தவிர்க்கச் சொல்வார். கேள்வி கேட்க வருபவர்கள் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

அளவீடு முடிந்ததும் ஒரே பக்கத்தில் முடிவை எழுதுங்கள்: கேள்வி, மண் வகை, நீர் வசதி, விதைப்புத் தேதி, பருவத்தின் மழை, எத்தனை வயல்கள், எத்தனையில் முந்தியது, ஆள் நேரம், கூடுதல் வரவு செலவு. இந்த விவரங்கள் இல்லாமல் “அமோக விளைச்சல்” என்று வாட்ஸ்அப்பில் போகும் படம் பிறரை நட்டத்தில் தள்ளும். படிப்பதைவிடக் கேட்பது எளிது என்பவர்களுக்கு அதே விவரங்களை இரண்டு நிமிடக் குரல்பதிவாக அனுப்புங்கள். காணொளியாகச் செய்ய விரும்பினால், உழவரே உழவருக்குச் சொல்லும் காணொளிகளைப் பல மொழிகளில் வைத்திருக்கும் ‘ஆக்சஸ் அக்ரிகல்ச்சர்’ தளத்தில் சிலவற்றைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்; கேமராவை எங்கே வைப்பது, எவ்வளவு பேசுவது என்பவை பிடிபடும். பெயரும் முகமும் வயலும் வெளியே போக ஒப்புதல் தந்தவர்களை மட்டும் காட்டுங்கள்.

விதையைப் பகிர்வதற்கு முன் அந்த இரகம் சட்டப் பாதுகாப்புப் பெற்றதா என்று பாருங்கள். பாதுகாப்புப் பெற்ற இரகத்தின் விதையைப் பிறருக்குக் கொடுப்பதில் நாட்டுக்கு நாடு விதி மாறும். தடையில்லையெனில் இரகக் கலப்பு நேராதபடி தனிக் களத்தில் அடித்து, 12 சதவீத ஈரப்பதம் வரை உலர்த்தி, இரகப் பெயரும் அறுவடைத் தேதியும் வயலின் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைப் பையின் உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் வையுங்கள். மக்காச்சோளம் போல வேறு செடியின் மகரந்தத்தை ஏற்கும் அயல்மகரந்தப் பயிரானால், வேறு இரகம் சுமார் 200 மீட்டருக்குள் பூத்திருந்த வயலிலிருந்து விதை எடுக்காதீர்கள். இரண்டாம் பருவமும் சோதிப்பதென்று முடிவானால், முடிவு சொல்லும் கூட்டத்திலேயே எந்தெந்த வயல்கள் என்பதைக் குறித்து ஒப்புதல் படிவங்களைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய கையெழுத்து அடுத்த பருவத்துக்குச் செல்லாது.